அடிபட்டவர்களின் கணக்கு

சாலை விபத்துகளில் உலகம் முழுக்க ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை தரும் எண் இது. கணக்கு 2021-ஆம் ஆண்டுக்கானது. இதில் நூற்றுக்கு 92 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். இந்த மாதிரிப் புள்ளிவிவரத்தைப் படித்தால் 'அடேயப்பா' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவதுதான் வழக்கம். யார் எண்ணினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் கிடைக்கிற பதில் கொஞ்சம் சங்கடமானது. பல நாடுகளில் யாரும் முழுசாக எண்ணவில்லை. இருக்கிற அரைகுறைப் பதிவுகளை வைத்து மதிப்பிடுகிறார்கள். இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 1.54 லட்சம் பேர் என்கிறது மத்திய அரசு (போலீஸ் பதிவுகளை வைத்து). அதே ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சுமார் 2.16 லட்சம். நடுவில் ஒரு நகரத்து ஜனத்தொகையே காணாமல் போயிருக்கிறது!

இதுவும் செத்தவர்களின் கணக்கு மட்டும்தான். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் எந்த நிலையில் வந்தார், எத்தனை மணி நேரம் கழித்து வந்தார், என்ன செய்தார்கள், பிழைத்தாரா, நடந்து போனாரா, தூக்கிக்கொண்டு போனார்களா... இதையெல்லாம் ஆள் ஆளாக, ஒரே மாதிரியான கேள்விகளுக்குப் பதிலாக, விடாமல் எழுதி வைக்கும் பதிவேட்டுக்குத்தான் 'ட்ராமா ரிஜிஸ்ட்ரி' என்று பெயர். ட்ராமா என்றதும் இப்போதெல்லாம் மன அதிர்ச்சி என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. இங்கே அது உடம்பில் படும் அடி. வண்டி மோதியது, மரத்திலிருந்து விழுந்தது, கத்திக்குத்து, தீக்காயம் எல்லாம் இதில் அடங்கும். காயப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளலாம்.

உடனே தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கேட்கக்கூடும்: "அதான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஏ.ஆர். போடுறாங்களே?" நல்ல கேள்வி. ஏ.ஆர். என்கிற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் பழைய ஏற்பாடு. அடிதடியோ விபத்தோ, வந்தவுடன் அதில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. ஆனால் அந்த நோட்டு எழுதப்படுவது கோர்ட்டுக்காக. எங்கே, எப்போது, யாரால் அடிபட்டதாகச் சொன்னார், காயம் எத்தனை சென்டிமீட்டர், சாதாரணக் காயமா கொடுங்காயமா என்பதெல்லாம் இருக்கும். அவர் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விட்டார் என்பது கோர்ட்டுக்கு வேண்டாம். பத்து நாள் கழித்து என்ன ஆனார் என்பதும் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வராது. வழக்குக்கு உதவும் நோட்டு, வைத்தியத்துக்கு உதவாது.

பணக்கார நாடுகளில் இந்தப் பதிவேடு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. சிகாகோவின் குக் கவுன்ட்டி ஆஸ்பத்திரியில் 1969-ல் கம்ப்யூட்டரிலேயே ஆரம்பித்தார்கள். 1974-ல் சூசன் பேக்கரும் அவருடைய குழுவினரும் 'காயத் தீவிர மதிப்பெண்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். உடம்பை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு மதிப்புக் கொடுத்து, மிக மோசமான மூன்று பகுதிகளின் மதிப்பை வர்க்கமாக்கிக் கூட்டுவது. அதிகபட்சம் 75. இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

கணக்கு எளிதுதான். சிக்கல் கணக்குக்கு முன்னால் இருக்கிறது. மண்ணீரல் கிழிந்ததா, எவ்வளவு கிழிந்தது, மூளைக்குள் எந்த இடத்தில் ரத்தம் என்பதெல்லாம் தெரிந்தால்தான் மதிப்புப் போட முடியும். அதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும், இல்லையென்றால் வயிற்றைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் பிரேதப் பரிசோதனை வேண்டும். அப்புறம் இதையெல்லாம் எண்களாக மாற்றுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆள். இவ்வளவும் இல்லாத ஊரில் என்ன செய்வது?

கம்பாலாவில் 1990-களில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினார்கள். உகாண்டாவின் மிகப் பெரிய அரசு ஆஸ்பத்திரியான முலாகோ அங்கேதான் இருக்கிறது. மக்கரேரே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்பும் அங்கேதான். நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 'போடா போடா' என்று அழைக்கப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்களும் பெருகிக்கொண்டிருந்தன. (தமிழில் திட்டுவது மாதிரி இருக்கும், எல்லையிலிருந்து எல்லைக்கு, 'பார்டர் டு பார்டர்' என்று கூவி ஆள் ஏற்றியதிலிருந்து வந்த பெயர்.) வருகிற அடிபட்ட ஆட்களுக்கெல்லாம் சி.டி. எடுக்கிற வசதி கிடையாது. அங்கே அறுவை மருத்துவராக இருந்த ஆலிவ் கொபுசிங்யேயும், கனடாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ரொனால்ட் லெட்டும் சேர்ந்து ஒரு படிவம் தயாரித்தார்கள். ஒரே பக்கம். 19 கேள்விகள். முலாகோவில் மட்டுமல்லாமல் கவோலோ என்ற ஊர்ப்புறத்து மாவட்ட ஆஸ்பத்திரியிலும் அதைப் போட்டுப் பார்த்தார்கள்.

படிவம் தயாரிப்பதில் என்ன பெரிய சாமர்த்தியம் என்று தோன்றலாம். ஒரு கமிட்டியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எலும்பு டாக்டர் பத்துக் கேள்வி சேர்ப்பார், நரம்பியல்காரர் பதினைந்து சேர்ப்பார், நிதி கொடுப்பவர் தன் பங்குக்கு இருபது சேர்ப்பார். கடைசியில் எட்டுப் பக்கம் ஆகிவிடும், ராத்திரி இரண்டு மணிக்கு அதை நிரப்ப யாரும் இருக்க மாட்டார்கள். கம்பாலாவில் செய்த கெட்டிக்காரத்தனம், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானித்ததுதான்.

அந்தப் படிவத்தோடு சேர்ந்து வந்ததுதான் 'கம்பாலா ட்ராமா ஸ்கோர்'. 2000-ல் வெளியானது. ஐந்தே விஷயங்கள்: வயது, பலத்த காயங்கள் எத்தனை, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, சுயநினைவு. சுயநினைவுக்கும் பெரிய அளவுகோல் எதுவும் கிடையாது. தெளிவாக இருக்கிறாரா, கூப்பிட்டால் திரும்புகிறாரா, கிள்ளினால் முகம் சுளிக்கிறாரா, எதற்கும் அசைவில்லையா என்று நான்கே நிலை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 25 வயது இளைஞர், வயதுக்கு 2. ரத்த அழுத்தம் 80, அதற்கு 3. நிமிஷத்துக்கு 32 மூச்சு, அதற்கு 2. கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறார், அதற்கு 3. பலத்த காயம் ஒன்று, அதற்கு 2. கூட்டினால் 12. மொத்தம் 16-க்கு. 14-ம் அதற்கு மேலும் என்றால் லேசான அடி, 11 முதல் 13 வரை நடுத்தரம், 10-ம் அதற்குக் கீழும் ஆபத்து. குறைந்தபட்ச மதிப்பெண் 5. தேவைப்பட்டதெல்லாம் ஒரு பி.பி. கருவி, விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம், நோயாளியைப் பார்க்க இரண்டு கண்கள். படித்த டாக்டர்தான் போட வேண்டும் என்றும் இல்லை.

இது ஏழைகளுக்கான மலிவுப் பதிப்பு என்று யாராவது உதட்டைப் பிதுக்கலாம். முலாகோவின் பதிவேட்டை வைத்தே அந்த மதிப்பெண்ணையும் மேலைநாட்டு மதிப்பெண்களையும் ஒப்பிட்டு 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. யார் பிழைப்பார், யார் இறப்பார் என்று சொல்வதில் கம்பாலாக்காரர்களின் கணக்கு ஏறக்குறைய அவற்றுக்குச் சமமாகவே நின்றது. பிறகு ஆப்பிரிக்காவின் வேறு பல நாடுகளிலும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

சரி, எழுதியதில் என்ன தெரிந்தது? 1998-ல் கம்பாலாவின் ஐந்து பெரிய ஆஸ்பத்திரிகளில் பதிவானவர்கள் 4,359 பேர். சராசரி வயது 24. நான்கில் மூன்று பேர் ஆண்கள். பாதிப்பேர் சாலையில் அடிபட்டவர்கள். மலேரியாவும் எய்ட்ஸும் மட்டுமே ஆப்பிரிக்காவின் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், சம்பாதிக்கிற வயதில் இருப்பவர்களைச் சாலை தின்றுகொண்டிருக்கிறது என்று எண்களோடு சொல்ல முடிந்தது.

இங்கேதான் ஒரு விஷயம் முக்கியம். அதே குழுவினர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போய், வீடு வீடாகவும் கேட்டார்கள். "உங்கள் வீட்டில் யாருக்காவது அடிபட்டதா, யாராவது இறந்தார்களா?" கம்பாலாவில் சாலைதான் முதலிடம். ஆனால் விக்டோரியா ஏரியை ஒட்டிய முகோனோ மாவட்டத்துக் கிராமங்களில் காயங்களால் ஏற்பட்ட சாவுகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? தண்ணீரில் மூழ்கியதற்கு! ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அதைத் தேடினால் அகப்படாது. மூழ்கியவரை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டு வரப்போகிறார்கள்? கரையிலிருந்து நேரே வீடு, வீட்டிலிருந்து மயானம். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எண்ணுகிறவருக்கு வாசல் வரைக்கும் வந்தவர்கள் மட்டுமே தெரிவார்கள். இதை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக் கணக்கை நாட்டின் கணக்காகப் பேசுகிற கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை.

வாசலுக்குள் வந்தவர்களும் முழுசாகப் பதிவாவதில்லை. மூச்சை எண்ண ஒரு நிமிஷம் முழுக்க நோயாளியின் மார்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கூட்டம் நிறைந்த அவசரப் பிரிவில் ஒரு நிமிஷம் என்பது பெரிய ஆடம்பரம். அதனால் உலகம் முழுக்கவே கேஸ் ஷீட்டுகளில் 18, 20 என்று ஒரே மாதிரியான எண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அத்தனை நோயாளிகளும் பேசிவைத்துக்கொண்டு மூச்சு விட்டது போல! இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வந்து ஐந்து நிமிஷத்தில் உயிர் போனவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க நேரமே இருந்திருக்காது. அவருடைய கட்டம் காலி. பின்னால் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர், விவரம் இல்லாதவர்களை நீக்கிவிட்டு மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு பொத்தானை அழுத்துவார். முதலில் நீக்கப்படுவது செத்தவர்கள்தான். மிச்சம் இருப்பவர்களை வைத்துப் பார்த்தால் ஆஸ்பத்திரி பிரமாதமாக நடப்பதாகத் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு ஊரில் ஆம்புலன்ஸ் சேவை நன்றாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு சாலையிலேயே உயிர்விட்டவர்களில் சிலர் இப்போது ஆஸ்பத்திரி வரை உயிரோடு வருகிறார்கள். அவர்களில் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் உள்ளே வந்து இறக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் சாவு விகிதம் ஏறிவிடும். ஊருக்கு நல்லது நடந்திருக்கிறது, பேப்பரில் 'அரசு மருத்துவமனையில் மரணங்கள் அதிகரிப்பு' என்று தலைப்பு வரும். வந்தவர் 12-ல் வந்தாரா 7-ல் வந்தாரா என்று எழுதி வைத்திருந்தால்தான் இந்த முடிச்சை அவிழ்க்க முடியும்.

சரி, கையுறை இல்லை, ரத்த வங்கியில் ரத்தம் இல்லை, நோயாளியைத் தள்ளிக்கொண்டு போக ஸ்ட்ரெச்சர் இல்லை. இந்த நிலைமையில் பேப்பரும் பேனாவுமாக ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டுமா? ஏழை நாடுகளில் இந்த வேலையைத் தொடங்கிய எல்லோரும் எதிர்கொண்டிருக்கக்கூடிய கேள்வி இது. அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வியும் அல்ல. கண்ணெதிரே ரத்தம் கொட்டுகிறவனுக்கு முன்னால் படிவம் நிரப்புவது யாருக்கும் கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருக்கும்.

தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் கோன் கென் ஆஸ்பத்திரி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே பதிவேட்டை வைத்துக்கொண்டு, இறந்தவர்களில் யாரையெல்லாம் காப்பாற்றியிருக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்தால், காப்பாற்றியிருக்கக் கூடியவர்கள் நிறையப் பேர். ரத்தம் இழந்து துவண்டு வந்தவர்களுக்கு ஆரம்ப சிகிச்சையில் கோளாறு, தலையில் அடிபட்டவர்களை ஆபரேஷனுக்குக் கொண்டு போவதில் தாமதம். இதற்கு அவர்கள் கண்ட வைத்தியத்தைக் கேட்டால் சப்பென்று இருக்கும். ஆஸ்பத்திரிக்குள் ஒருவரை ஒருவர் கூப்பிட ரேடியோ. கூட்டம் அதிகமாக வரும் நேரங்களில் பயிற்சி முடித்த சர்ஜனையே அவசரப் பிரிவில் நிறுத்துவது. புதிதாகச் சேரும் இளம் டாக்டர்களுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுப்பது. அவ்வளவுதான்! காயத்தோடு அனுமதிக்கப்பட்டவர்களில் இறப்பு 6.1 சதவீதத்திலிருந்து 4.4 சதவீதமாகக் குறைந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நூலே இதை உதாரணமாக எடுத்துச் சொல்கிறது. ஆயிரம் பேருக்குப் பதினேழு உயிர். கூட்டம் எந்த நேரத்தில் வருகிறது என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் குத்துமதிப்பாகத் தெரிந்துதான் இருந்திருக்கும். ஆனால் குத்துமதிப்பை வைத்துக்கொண்டு ஒரு மூத்த சர்ஜனிடம் போய், 'ராத்திரி வீட்டுக்குப் போகாதீர்கள், இங்கேயே இருங்கள்' என்று சொல்ல முடியுமா?

இந்தியாவில் இதைக் கொஞ்சம் பெரிய அளவில் செய்து பார்த்தது 'டிட்கோ' என்ற ஆய்வு. (ஓசூர், சென்னைப் பக்கம் தொழிற்பேட்டைகளில் முதலீடு செய்யும் டிட்கோ இல்லை, இது வேறு!) மும்பையில் இரண்டு, டெல்லியிலும் கொல்கத்தாவிலும் ஒவ்வொன்று என நான்கு பெரிய அரசு ஆஸ்பத்திரிகள், 2013 முதல் 2015 வரை, 16,000 நோயாளிகள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், டாக்டர் தலையிலும் நர்ஸ் தலையிலும் இந்த வேலையைக் கட்டாததுதான். இதற்கென்றே தனி ஆட்களை வைத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், காலை, மாலை, இரவு என்று மாற்றி மாற்றி, அவசரப் பிரிவிலேயே நின்று நேரில் பார்த்து எழுதினார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் வந்தவர்களின் விவரங்களைக் கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்தார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் போட்டால் செலவு மூன்று மடங்கு. இதில் ஒரு பகுதி நேரில் பார்த்தது, மிச்சம் காகிதத்தில் இருந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் 2010-களின் பிற்பகுதியில் அரசு ஆரம்பித்த விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் பதிவேடும் ஓர் அங்கம். வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிலைமைக்குத் தகுந்தபடி பிரிக்கும் ஏற்பாடும் அதோடு வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. ஆயிரக்கணக்கில் சாலையில் இறக்கிற மாநிலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. பணம் திரும்ப வாங்க வேண்டுமானால் விவரம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பதால், காசோடு கட்டிய படிவத்தை யாரும் காலியாக விடுவதில்லை. ஆனால் 48 மணி நேரத்துக்கு அப்புறம்?

வெளிநாட்டு நிதியில் இரண்டு மூன்று வருஷம் நடந்து, நிதி நின்றதும் நின்றுபோன பதிவேடுகள் ஏழை நாடுகளில் ஏராளம். ஆய்வுக் கட்டுரை வெளியாகிவிடும், கம்ப்யூட்டர் மூலையில் தூசி படியும், எழுதிக்கொண்டிருந்த பெண் வேறு வேலைக்குப் போய்விடுவார். சாஃப்ட்வேர் இப்போது பெரிய தடையே இல்லை; உலக சுகாதார நிறுவனமே இணையம் வழியாக ஒரு பதிவேட்டை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணின் சம்பளம் ஆஸ்பத்திரியின் சொந்தப் பட்ஜெட்டில், துப்புரவுப் பணியாளர் சம்பளத்தையும் ஆக்சிஜன் பில்லையும் போல, ஒரு வரியாக ஏறியதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். அந்தப் பதிவேடு ஐந்து வருஷம் கழித்து இருக்குமா இருக்காதா என்று சொல்லிவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கட்டம் எல்லா இடத்திலும் தொல்லை கொடுக்கிறது: 'முடிவு என்ன?' என்ற கட்டம். தொடை எலும்பு முறிந்து வந்தவர், மூன்றாம் நாள் செலவுக்குப் பயந்தோ, காலை எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டோ, குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, புத்தூர் கட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். உகாண்டாவிலும் எலும்பு கட்டும் நாட்டு வைத்தியர்கள் உண்டு, அங்கேயும் இப்படித்தான் கிளம்புவார்கள். பதிவேட்டில் அவரை 'உயிரோடு வீடு திரும்பினார்' என்று போட்டால் அது ஆஸ்பத்திரிக்கு நல்ல மதிப்பெண். அவர் நடக்கிறாரா, சீழ் பிடித்துக் கிடக்கிறாரா, இருக்கிறாரா என்பது பதினான்காம் நாளோ முப்பதாம் நாளோ யாராவது போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும். இப்போது பெரும்பாலான வீடுகளில் செல்போன் இருக்கிறது. சேர்க்கும்போதே ஒன்றுக்கு இரண்டு எண்களாக வாங்கி வைக்க வேண்டும். ஒன்று அவருடையது, இன்னொன்று கூட வந்தவருடையது, ஏனென்றால் அடிபட்டவரின் போன் பெரும்பாலும் அவரோடு சேர்ந்து உடைந்திருக்கும்.